ஜோனுக்கு வில்லங்கம் பார்ப்பது: ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து கியூ வரை ஆறு நாள்

நாள் 1: ஸ்ட்ராட்ஃபோர்டு, பெயர் இல்லாத கல்

டிக்கெட் எடுக்கும்போதே கவனம் வேண்டும். லண்டனுக்குள்ளேயே ஒரு ஸ்ட்ராட்ஃபோர்டு இருக்கிறது. நாம் போகவேண்டியது ஏவன் நதிக்கரையில் இருக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டு. லண்டன் மேரிலபோன் நிலையத்திலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். சில வண்டிகள் நேராகப் போகும், சிலவற்றில் வழியில் மாற வேண்டும். ஒரே பெயரில் இரண்டு ஊர் என்ற இந்தக் குழப்பம் பதிவேடுகளுக்குள்ளும் நம்மைத் துரத்தும்.

இங்கிலாந்துக் குடும்பம் ஒன்றின் முன்னோரைத் தேடப் பழக ஷேக்ஸ்பியர் வீட்டைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. அவர் எழுதிய எதுவும் இந்தப் பயணத்தில் வராது. கையுறை தைத்து விற்ற அப்பா, தங்கை ஜோனைக் கட்டிய தொப்பிக்காரர், சிறுவயதிலேயே போய்விட்ட பிள்ளைகள் என்று அது ஒரு சந்தை ஊர்க் குடும்பம், அவ்வளவுதான். ஆனால் அவர்களைப் பற்றிய ஒவ்வொரு வரியையும் பலர் படித்து, சண்டைபோட்டு, அச்சேற்றிவிட்டார்கள். நாம் படித்தது சரியா என்று அன்றைக்கே ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். சொந்தக் குடும்பத்தில் அந்த வசதி கிடைக்காது.

ஹோலி டிரினிட்டி ஆலயம் ஊரின் தென்கோடியில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. பலிபீடத்துக்கு முன்னால் ஐந்து கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன: மனைவி ஆன், வில்லியம், பேத்தியின் கணவர் தாமஸ் நாஷ், மருமகன் ஜான் ஹால், மூத்த மகள் சுசானா. இதில் வில்லியத்தின் கல்லில் பெயரே இல்லை. எலும்பைக் கிளறாதே என்ற சாபம் நாலு வரி, அவ்வளவுதான். இறந்த நாள் 1616 ஏப்ரல் 23 என்பது பக்கத்துச் சுவரில் உள்ள நினைவுச் சின்னத்தில் இருக்கிறது. அடக்கம் ஏப்ரல் 25 என்பது பதிவேட்டில் இருக்கிறது. கல், சுவர், ஏடு என்று மூன்று இடத்தில் பார்த்தால்தான் ஒரு சாவு முழுதாகக் கிடைக்கிறது.

ஆனின் கல்லில் பதித்த பித்தளைத் தகட்டில், 1623 ஆகஸ்ட் 6இல் 67 வயதில் இறந்தார் என்று இருக்கிறது. அடக்கம் ஆகஸ்ட் 8. அவருக்கு ஞானஸ்நானப் பதிவு கிடையாது, தேடியும் பயனில்லை. இந்த ஊரின் ஏடு 1558இல்தான் தொடங்குகிறது, அவர் பிறந்தது அதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால். அவர் வயதுக்கு இருக்கும் ஒரே சாட்சி இந்தத் தகடு. ஏடு எந்த வருஷத்தில் தொடங்குகிறது என்று பார்க்காமல் வாரக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு. எந்த ஊரானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

கல்லையும் முழுசாக நம்ப வேண்டாம். சுசானாவின் கல்லில் இருந்த எழுத்தை 18ஆம் நூற்றாண்டில் இன்னொருவருக்காகச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். இன்று அங்கே படிப்பது, 1656இல் அச்சான ஒரு பிரதியைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் மறுபடி வெட்டியது. கல்லறை என்றால் நிரந்தரம் என்று நாம் நினைக்கிறோம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பலருக்கு அது வாடகை வீடு மாதிரி. கொஞ்ச வருஷம் கழித்து எலும்பை எடுத்து எலும்புக் கிடங்கில் போட்டுவிட்டு, அதே குழியில் அடுத்தவரை வைப்பார்கள். இந்த ஆலயத்திலும் அப்படி ஒரு கிடங்கு 1800 வாக்கில் இடிக்கும்வரை இருந்தது. வில்லியத்தின் அப்பா, அம்மா, மகன் ஹாம்னெட் மூவருக்கும் இன்று கல் எதுவும் இல்லை. மூவரும் ஏட்டில் இருக்கிறார்கள்.

கல் படிக்கப் போகிறவர்களுக்கு: கையில் ஒரு டார்ச் போதும். நேராக அடிக்காமல் கல்லின் விளிம்பிலிருந்து சாய்வாக அடித்தால் தேய்ந்த எழுத்து நிழலாக எழும்பும். சாக்பீஸ், ஷேவிங் நுரை, கம்பி பிரஷ் எதுவும் கூடாது, மணற்கல் உரிந்து வந்துவிடும். பக்கத்துக் கற்களையும் படம் எடுங்கள். மணமாகிப் பெயர் மாறிய மகள் பெரும்பாலும் இரண்டு அடி தள்ளித்தான் இருப்பார். கிராமத்து ஆலயமானால் அந்த வட்டாரத்துக் குடும்ப வரலாற்றுச் சங்கம் கல்லெழுத்துகளை ஏற்கனவே படியெடுத்து வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். ஐம்பது வருஷம் முன்பு எடுத்த படியில் இன்று அழிந்துபோன வரிகள் இருக்கும்.

நாள் 2: ஹென்லி தெரு, இரண்டு ஜோன்கள்

இங்கிலாந்தில் நூறு வருஷம் தாண்டிய பங்குப் பதிவேடுகளை (பங்கு என்பது ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) ஆலயத்தில் வைத்திருக்கும் வழக்கம் இப்போது அநேகமாக இல்லை. 1978ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அவை பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டன. ஆலயக் கதவைத் தட்டி ஏடு கேட்டால் குருவானவர் காப்பகத்துக்கு வழி சொல்லி அனுப்புவார். ஸ்ட்ராட்ஃபோர்டு ஏடுகள் வெளியூர் போகவில்லை, ஹென்லி தெருவில் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளையின் காப்பகத்தில் இருக்கின்றன. அநேகமாக எங்கேயும் மூல ஏட்டை எடுத்துக் கையில் கொடுக்க மாட்டார்கள். மைக்ரோஃபிலிம் அல்லது ஸ்கேன் படம்தான். வருத்தப்பட ஒன்றுமில்லை, பெரிதாக்கிப் படிக்கலாம்.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுதச் சொன்ன உத்தரவு 1538இல் வந்தது. பலர் தாளில் எழுதினார்கள், தாள் கெட்டது. 1598இல் இன்னொரு உத்தரவு: பழையதைத் தோல் ஏட்டில் படியெடு, குறைந்தது எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த 1558 முதலாவது எடு. சோம்பல் பட்டவர்கள் 1558இலேயே தொடங்கிவிட்டார்கள். இங்கிலாந்து முழுக்க அத்தனை ஏடுகள் 1558இல் தொடங்குவது இதனால்தான்.

ஸ்ட்ராட்ஃபோர்டு ஏடும் அந்தப் படிதான். 1558 முதல் 1600 வரை ஒரே கை, பக்கத்துக்குப் பக்கம் அடியில் குருவானவரும் சர்ச் வார்டன்களும் கையெழுத்து. ஆக, 1564 ஏப்ரல் 26இல் வில்லியத்துக்கு ஞானஸ்நானம் என்ற அந்தப் புகழ்பெற்ற வரி அன்றைக்கு எழுதியதல்ல, முப்பத்தைந்து வருஷம் கழித்துப் பார்த்து எழுதியது. ஓரத்தில் மூன்று சிலுவைக் குறி, அது பிற்காலத்தில் யாரோ போட்டது. லத்தீனிலும் ஒரு பிழை: ‘ஜானின்’ மகன் என்று வேற்றுமை மாறி வந்திருக்க வேண்டிய பெயர் எழுவாயிலேயே நிற்கிறது. ஏடு எழுதிய கைகளுக்கு இலக்கணம் இவ்வளவுதான் என்றால், பெயரிலும் தேதியிலும் எவ்வளவு நம்பலாம் என்பதை நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இனி ஜோன். 1558 செப்டம்பர் 15இல் ஜான் ஷேக்ஸ்பியரின் மகள் ஜோனுக்கு ஞானஸ்நானம். சரி, வில்லியத்தின் தங்கை ஜோன் கிடைத்துவிட்டாள் என்று எழுதிக்கொண்டு எழுந்துவிடத் தோன்றும். எழுந்தால் தப்பு. 1569 ஏப்ரல் 15இல் அதே ஜானின் மகள் ஜோனுக்கு இன்னொரு ஞானஸ்நானம். முதல் குழந்தை போய்விட்டது, பெயரை அடுத்த பெண்ணுக்கு வைத்தார்கள். வளர்ந்து, வில்லியம் ஹார்ட்டைக் கட்டி, 1646 நவம்பர் 4இல் அடக்கமான ஜோன் இரண்டாமவள். முதல் ஜோனின் அடக்கம் இந்த ஏட்டில் எங்கும் இல்லை. பெயர் திரும்பி வந்ததுதான் அவள் இறந்ததற்கே சாட்சி.

நிலம் வாங்குகிறவர் பத்திரத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்க மாட்டார், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். ஞானஸ்நானப் பதிவு பத்திரம், அடக்கப் பதிவு வில்லங்கம். முன்னோர் என்று ஒருவரைக் குறித்துக்கொண்டதும் அதே பங்கின் அடக்க ஏட்டில் அடுத்த பத்து வருஷத்தை வரிவரியாகப் பாருங்கள், அக்கம்பக்கத்துப் பங்குகளையும் சேர்த்து. ‘இன்னாரின் மகன்’ என்று அதே பெயர் வந்தால் நீங்கள் பிடித்திருப்பது குழந்தையிலேயே செத்துப்போன ஒருவனை. இணையத்தில் கிடைக்கும் குடும்ப மரங்களில் பாதிக் கோளாறு இந்த ஒரு வேலையைச் செய்யாததால் வருவது. ஐந்து வயதில் அடக்கமானவனுக்கு ஒன்பது பிள்ளைகள் என்று அச்சடித்துச் சட்டம்போட்டு மாட்டியிருப்பார்கள்.

இந்த வீட்டிலேயே வில்லங்கம் நிறைய. மார்கரெட், 1562 டிசம்பர் 2 ஞானஸ்நானம், 1563 ஏப்ரல் 30 அடக்கம். ஆன், 1571 செப்டம்பர் 28 ஞானஸ்நானம், 1579 ஏப்ரல் 4 அடக்கம். ஆனுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு: ‘மாஸ்டர் ஷேக்ஸ்பியரின் மகளுக்கு’ மணியும் பிரேதப் போர்வையும் 8 பென்னி என்று ஊர்க் கணக்கில் வரவு வைத்திருக்கிறார்கள். அடக்க ஏட்டில் வரி இல்லாதபோது வரவு செலவுக் கணக்கு காப்பாற்றும், அதைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள்.

1564 ஜூலை 11இல் ஓர் அடக்கத்தின் பக்கத்தில் ‘இங்கே கொள்ளைநோய் தொடங்கியது’ என்று லத்தீனில் குறித்திருக்கிறது. வில்லியத்துக்கு அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. அடக்க ஏட்டைப் பார்க்கும்போது நம் ஆளின் வரியை மட்டும் பார்க்காமல், ஒரு மாதத்துக்கு எத்தனை வரி என்று எண்ணுங்கள். நாலைந்து இருந்த இடத்தில் முப்பது நாற்பது என்று ஏறினால் ஊரில் நோய். அப்படிப்பட்ட மாதங்களில் எழுதாமல் விட்டதும் நிறைய இருக்கும், எழுதுகிறவரே படுத்திருப்பார்.

தேதியில் இரண்டு கண்ணி. 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். ஹாம்னெட்டும் ஜூடித்தும் இரட்டையர், ஞானஸ்நானம் பிப்ரவரி 2. ஏட்டுக்கு அது 1584, நமக்கு 1585. இரண்டையும் சேர்த்து 1584/85 என்று குறித்துக்கொள்வதுதான் முறை. இல்லையென்றால் பிறப்பதற்கு முன்பே அடக்கமான குழந்தைகள் உங்கள் குறிப்பேட்டில் வந்து நிற்கும். இரண்டாவது, 7 போட்டு அதன்பின் ‘பர்’ என்று எழுதியிருந்தால் ஜூலை அல்ல, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். லத்தீன் எண்ணைப் படித்தவர் போட்ட சுருக்கெழுத்து.

நாள் 3: ஊஸ்டர், எழுத்தர் கேட்டபடி எழுதிய பெயர்

ஸ்ட்ராட்ஃபோர்டு வாரிக்‌ஷர் மாவட்டம். அதனால் எல்லாம் வாரிக்கில் இருக்கும் என்று தோன்றும். திருமணச் சமாசாரம் ஊஸ்டரில் இருக்கிறது, ஏனென்றால் அன்று ஸ்ட்ராட்ஃபோர்டு ஊஸ்டர் பிஷப்பின் திருமண்டலத்துக்குள் இருந்தது. இன்று அது காவன்ட்ரி திருமண்டலம். உயில், திருமண உரிமம், பிஷப்புக்கு வருஷாவருஷம் அனுப்பிய ஏட்டுப் படி எல்லாம் அன்றைய திருமண்டல எல்லைப்படிதான் கிடக்கும். இன்றைய வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, 1851ஆம் ஆண்டின் பங்கு எல்லைகளைக் காட்டும் ஃபேமிலிசர்ச் தளத்தின் வரைபடத்தைத் திறந்துகொள்ளுங்கள், இலவசம்.

ரயிலில் பர்மிங்ஹாம் வழி சுற்றித்தான் போக வேண்டும். ஃபோர்கேட் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால் தங்க நிறத் தகடு போர்த்திய தி ஹைவ் கட்டடம் நடக்கும் தூரம். பல்கலைக்கழக நூலகம், பொது நூலகம், மாவட்ட ஆவணக் காப்பகம் மூன்றும் ஒரே கூரைக்குள்.

1582 நவம்பர் 27 தேதியிட்ட பிஷப்பின் பதிவில் வில்லியம் ஷாக்ஸ்பெரேக்கும் டெம்பிள் கிராஃப்டனைச் சேர்ந்த ஆன் வேட்லிக்கும் உரிமம் என்று இருக்கிறது. மறுநாள் 28இல் எழுதிய பிணைப் பத்திரத்தில் வில்லியத்துக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆன் ஹாத்வேக்கும் என்று இருக்கிறது. இரண்டு பெண்ணா? கதை கட்டியவர்கள் உண்டு. அதே எழுத்தர் அதே சமயம் வேட்லி என்ற ஒருவரின் தசமபாக வழக்கையும் எழுதிக்கொண்டிருந்தார், அந்தப் பெயர் கையில் ஒட்டிக்கொண்டது என்பதுதான் நம்பத் தகுந்த விளக்கம். பத்திரத்துக்கும் பதிவுக்கும் முரண் வந்தால் பத்திரத்தின் பக்கம் சாய்வது நல்லது. அதில் ஜாமீன் நின்ற இரண்டு விவசாயிகள் 40 பவுண்டுக்குக் கட்டுப்பட்டார்கள், பெண் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

பத்திரம் எதற்கு? வழக்கமாக மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, ஆலயத்தில் வாசிக்க வேண்டும். அந்த வருஷம் டிசம்பர் 2 முதல் ஜனவரி 13 வரை திருவருகை, கிறிஸ்துமஸ் காலத் தடை. ஒரே ஓலையோடு முடித்துக்கொள்ள உரிமம் வாங்கினார்கள். அவசரத்தின் காரணம் ஸ்ட்ராட்ஃபோர்டு ஏட்டில் 1583 மே 26இல் சுசானாவின் ஞானஸ்நானமாகத் தெரிகிறது. கல்யாணம் எந்த ஆலயத்தில் நடந்தது என்பதற்கு மட்டும் பதிவே இல்லை. உரிமம் என்பது கல்யாணம் நடந்ததற்குச் சான்று ஆகாது, நடத்த அனுமதி, அவ்வளவே.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு சொல். பத்திரத்தில் குடும்பப் பெயரின் நடுவில் ககரத்துக்கு ஆங்கிலத்தின் மெல்லொலி எழுத்தைப் போட்டிருக்கிறார்கள், வேறிடங்களில் வல்லொலி எழுத்து. நமக்கு இரண்டுக்கும் ஒரே ‘க’ என்பதால் இதில் வித்தியாசமே தெரியாது. தேடுபொறிக்கு அது வேறு ஆள். எனவே இணையத் தரவுகளில் முழுப்பெயர் அடிக்காதீர்கள். முதல் மூன்று எழுத்து, நட்சத்திரக் குறி, நடுவில் உறுதியான ஒரு மெய், மறுபடி நட்சத்திரம். அதுவும் வராவிட்டால் குடும்பப் பெயரையே விட்டுவிட்டு, அப்பா பெயர், பிள்ளை பெயர், பங்கு, வருஷம் மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

தாத்தா ரிச்சர்டையும் ஊஸ்டர்தான் காட்டிக்கொடுக்கிறது. அவர் இருந்த ஸ்னிட்டர்ஃபீல்டின் ஏடு தொடங்குமுன்பே இறந்துவிட்டார். ஆனால் 1561 பிப்ரவரியில் அவர் சொத்தை நிர்வகிக்கும் உரிமை மகன் ஜானுக்குக் கொடுக்கப்பட்டது, சாமான் பட்டியலின் மதிப்பு 38 பவுண்டு 17 ஷில்லிங். அடக்க ஏடு இல்லாத காலத்துக்குச் சொத்து ஏடுதான் அடக்க ஏடு.

நாள் 4: வாரிக், சாதாரணக் குடும்பத்துக்கு

காலையில் ஸ்னிட்டர்ஃபீல்டு. சின்ன ஊர், அரை மணி போதும். சித்தப்பா ஹென்றி 1596 டிசம்பர் 29இல் இங்கே அடக்கம். கல் இல்லை.

வாரிக் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, 16ஆம் நூற்றாண்டிலிருந்து கொஞ்சம் வெளியே வருவோம். பெரும்பாலானவர்கள் தேடுவது 1800களின் ஒரு தச்சரையோ நெசவாளியையோதான். வேலை எப்போதும் பின்னோக்கி, தெரிந்ததிலிருந்து தெரியாததுக்கு.

1837 ஜூலை 1 முதல் அரசுப் பதிவு. பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றும் வருஷத்துக்கு நான்கு காலாண்டாக அட்டவணையிடப்பட்டவை. மார்ச் கடைசியில் பிறந்த குழந்தை ஜூன் காலாண்டில் நிற்கும், ஏனென்றால் கணக்கு பதிவு செய்த நாளுக்கு. பொதுப் பதிவு அலுவலகத்தின் புது இணைய அட்டவணையில் 1837 முதலே தாயின் பிறந்தவீட்டுப் பெயரும், இறப்பில் வயதும் உண்டு. பழைய அச்சு அட்டவணையில் தாயின் பெயர் 1911 வரை கிடையாது. பதிவு செய்யாதவருக்கு உருப்படியான அபராதம் 1875இல்தான் வந்தது, அதற்கு முன் விடுபட்ட பிறப்புகள் ஏராளம். விடுபட்டால் ஞானஸ்நான ஏட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பிறகு மக்கள்தொகைக் கணக்கு. 1841இல் 15 வயதுக்கு மேற்பட்டவர் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொன்னார்கள். 39 வயதுக்காரர் 35 ஆவார். பிறந்த ஊரும் கிடையாது, அதே மாவட்டமா என்று மட்டும்தான். 1851இல்தான் பிறந்த பங்கின் பெயர் வருகிறது. அதனால் 1851 வரை உயிரோடு இருந்த ஒரு பாட்டி கிடைத்தால் அவரை விடாதீர்கள், பாதி வேலை முடிந்தது.

அடுத்து 1813 முதல் உள்ள அச்சிட்ட ஏடுகள். அடக்க ஏட்டில் பக்கத்துக்கு எட்டு வரி: பெயர், வசிப்பிடம், அடக்க நாள், வயது, நடத்திய குருவானவர். அப்பா பெயர் இல்லை, சாவின் காரணம் இல்லை. ஆனால் அந்த ‘வயது’ பத்தி தங்கம். 1821இல் 74 வயது என்றால் 1747 வாக்கில் பிறப்பு. முதியவர்களுக்கு இரண்டு மூன்று வருஷம் கூடக் குறைய இருக்கும், 70, 80 என்று முழு எண்ணாக இருந்தால் ஐந்து வருஷம்வரை தளர்த்திக்கொள்ளுங்கள். 1813க்கு முன் பல ஏடுகளில் வயது இல்லை. ‘விதவை’, ‘குழந்தை’, ‘ஏழை’ என்று ஒரு சொல் கிடைத்தாலே அதிர்ஷ்டம். விதிவிலக்கு யார்க் பக்கம்: 1770களில் வில்லியம் டேட் என்ற குருவானவர் தொடங்கிவைத்த முறையில் தாத்தா பாட்டி பெயர்வரை எழுதிய ஏடுகள் உண்டு. அந்தப் பக்கத்து முன்னோர் அமைந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஓரக் குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். 1678 முதல் பிரேதத்தைக் கம்பளித் துணியில் சுற்றியே புதைத்தோம் என்று சத்தியம் செய்ய வேண்டும், கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்ற. மீறினால் 5 பவுண்டு அபராதம், அதில் பாதி தகவல் சொன்னவருக்கு. வசதியான வீட்டார் லினனில் புதைத்துவிட்டுத் தங்கள் ஆளையே தகவல் சொல்ல வைத்துப் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் உண்டு. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்னி வரி, ஏழைகளுக்கு விலக்கு. அந்தப் பதினோரு வருஷத்தில் திடீரென்று ‘ஏழை’ பெருகியதைப் பார்த்து உங்கள் முன்னோர் நொடித்துப்போனதாக எழுதிவிடாதீர்கள். வரி தொடங்குமுன் அவசரமாக மூன்று நாலு பிள்ளைகளுக்குச் சேர்த்து ஞானஸ்நானம் கொடுத்ததும் நடந்தது. ஒரே நாளில் ஞானஸ்நானம் என்றால் இரட்டையர் என்று பொருள் இல்லை.

ஏடே இல்லாத ஓட்டை 1640களிலிருந்து 1660 வரை, உள்நாட்டுப் போரும் அதையடுத்த காலமும். அங்கே தடம் அறுந்தால் உங்கள் தப்பல்ல.

1850களுக்குப் பிறகு ஊர்களுக்குள் இருந்த ஆலய மயானங்கள் பல மூடப்பட்டன. அதற்குப் பின் அடக்கம் தேட நகராட்சிக் கல்லறைத் தோட்டத்தின் ஏடு வேண்டும். அதில் கல்லறை எண் இருக்கும், அதே எண்ணில் வேறு யார் யார் என்று கேளுங்கள். கல்லே வைக்காத குடும்பத்தில்கூட மூன்று தலைமுறை ஒரே எண்ணில் கிடைக்கும்.

நாள் 5: லண்டன், ஊர் விட்டுப் போனவர்கள்

நேற்று விட்டுப்போன ஒன்று: சொந்த ஊரில் அடக்கம் கிடைக்காவிட்டால் சாகவில்லை என்று அர்த்தமில்லை, ஊர்விட்டுப் போயிருக்கலாம். வில்லியத்தின் கடைசித் தம்பி எட்மண்ட், 1580 மே 3 ஸ்ட்ராட்ஃபோர்டில் ஞானஸ்நானம். அடக்கம் லண்டனில்.

லண்டன் பிரிட்ஜ் நிலையத்தை ஒட்டியே இருக்கும் சதர்க் கதீட்ரல் அன்று செயின்ட் சேவியர் பங்கு. 1607 டிசம்பர் 31இல் நடிகர் எட்மண்ட் ஆலயத்துக்குள் அடக்கம். ஏட்டில் அவ்வளவுதான். கட்டணக் குறிப்பில்தான் மீதி: பெரிய மணியில் முற்பகல் துக்கமணி, 20 ஷில்லிங். வெளியே மயானத்தில் புதைக்க இதில் சிறு பங்குதான் ஆகும். பணம் கொடுத்தவர் யார் என்று ஏடு சொல்லவில்லை. அண்ணன் என்று எல்லாரும் ஊகிக்கிறார்கள், ஊகம் என்றே எழுதிவையுங்கள்.

அதே வருஷம் ஆகஸ்ட் 12இல், பார்பிகன் கட்டடங்களுக்கு நடுவே இன்றும் நிற்கும் செயின்ட் ஜைல்ஸ் கிரிப்பிள்கேட்டில் ஒரு குழந்தை அடக்கம்: ‘எட்வர்ட், நடிகர் எட்வர்ட் ஷாக்ஸ்பியரின் மகன், முறைதவறிப் பிறந்தவன்’. அந்தப் பெயரில் நடிகர் வேறு யாரும் தெரியவில்லை. எட்மண்டை எழுத்தர் எட்வர்ட் ஆக்கிவிட்டார் என்று கொள்கிறார்கள். தகப்பன் பெயர் எழுதாமல் தாய் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் ஒரு படி: 18ஆம் நூற்றாண்டானால் பங்கின் ஏழைகள் நிவாரணக் காகிதங்களில் தகப்பனைப் பிடித்து எழுதி வாங்கிய பத்திரம் இருக்கக்கூடும். பிள்ளையைப் பங்கு செலவில் வளர்க்க யாருக்கும் மனசில்லை.

இந்த இரண்டு பங்கின் ஏடுகளும் கிளெர்க்கன்வெல்லில், லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்க்கைவ்ஸ் என்று இருந்து 2024இல் தி லண்டன் ஆர்க்கைவ்ஸ் என்று பெயர் மாறிய காப்பகத்தில் உள்ளன. ஃபாரிங்டன் நிலையத்திலிருந்து நடக்கலாம். பேனா உள்ளே விடமாட்டார்கள், பென்சில் மட்டும். தோல் ஏடு தந்தால் வெள்ளைக் கையுறை தேவையில்லை. கழுவித் துடைத்த வெறுங்கைதான் பாதுகாப்பு, கையுறை விரலின் உணர்வை மழுக்கிப் பக்கத்தைக் கிழித்துவிடும்.

லண்டன் வந்தவர்களில் சிலர் இன்னும் தூரம் போனார்கள், நம் கரைவரைக்கும். சென்னை ஜார்ஜ் கோட்டையின் செயின்ட் மேரி ஆலயம் 1680இல் பிரதிஷ்டை ஆனது. அதன் திருமண ஏட்டில் முதல் வரி அதே வருஷம் நவம்பரில், பிற்பாடு அங்கே கவர்னரான எலைஹு யேலுக்கு. கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர், சிப்பாய் யாரானாலும் மெட்ராஸ் மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கத்துக்குப் படியெடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசை. வங்காளம் என்/1, பம்பாய் என்/3. யார்க்‌ஷர் ஏட்டில் 1790க்குப் பிறகு ஒருவர் மாயமாகி மனைவி விதவை என்று எழுதப்பட்டிருந்தால், அவருடைய வில்லங்கம் வேலூரிலோ திருச்சியிலோ இருக்கலாம். இந்தப் படிகள் படிகளே, ஊர்ப்பெயர்கள் கன்னாபின்னாவென்று இருக்கும். ‘டிரிச்சினோபொலி’யை நாற்பது விதமாக எழுதலாம்.

நாள் 6: கியூ, ஒரு வெற்றிடம்

டிஸ்ட்ரிக்ட் லைனில் கியூ கார்டன்ஸ் நிலையம், அங்கிருந்து பத்து நிமிட நடை. தேசிய ஆவணக் காப்பகம் ஞாயிறு, திங்கள் விடுமுறை. மூல ஆவணம் பார்க்க வாசகர் அட்டை வேண்டும். அடையாளச் சான்று ஒன்று, முகவரிச் சான்று ஒன்று. ஆவணத்தை முன்கூட்டியே சொல்லிவைத்தால் போனவுடன் மேசையில் இருக்கும். ஆங்கிலிக்கன் ஏட்டில் அகப்படாத பாப்டிஸ்ட், இன்டிபென்டென்ட் குடும்பங்களுக்கு ஆர்ஜி 4 வரிசை, குவேக்கர்களுக்கு ஆர்ஜி 6. இரண்டும் ஸ்கேன் செய்து இணையத்தில் உண்டு, இதற்காகக் கியூ வர வேண்டாம்.

வில்லியத்தின் உயில் இங்கே. 1616 மார்ச் 25 தேதி, ஜூன் 22இல் நிரூபணம், மூன்று தாள். மனைவிக்கு ‘இரண்டாவது நல்ல கட்டில்’ எழுதிவைத்தது பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது, நாம் உறவுச் சொற்களைப் பார்ப்போம். எலிசபெத் ஹால் அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி. உயிலில் அவளை இன்று ‘உடன்பிறந்தார் மகள்’ என்று பொருள்படும் சொல்லால் குறிக்கிறார். அன்று அந்தச் சொல்லுக்குப் பேத்தி என்றும் பொருள் இருந்தது. மனைவியின் முந்தைய மணத்துப் பிள்ளையை மருமகன் என்பதும், எந்த உறவையும் ‘கசின்’ என்று கூப்பிடுவதும் சகஜம். அத்தை, சித்தி, பெரியம்மா என்று பிரித்துப் பிரித்துச் சொல்லிப் பழகிய நமக்கு இந்த இங்கிலீஷ் உறவுக் கணக்கு திண்டாட்டம்தான். உயிலில் வரும் உறவுச் சொல்லை அப்படியே மரத்தில் ஏற்றாமல், ஏட்டில் ஞானஸ்நானம் பார்த்து நிலைப்படுத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பேத்தி எலிசபெத் 1670இல் நார்தாம்ப்டன் பக்கம் அபிங்டனில் பிள்ளையில்லாமல் அடக்கமானார். ஜூடித்தின் மூன்று பையன்களும் அதற்கு முன்பே ஸ்ட்ராட்ஃபோர்டு ஏட்டில் அடக்கம்: ஒருவன் 1617இல் கைக்குழந்தையாக, மற்ற இருவர் 1639இல் ஒரே மாத இடைவெளிக்குள். வில்லியத்தின் நேர் வம்சம் அதோடு முடிந்தது.

உயிலில் தங்கை ஜோனுக்கு, அதாவது இரண்டாவது ஜோனுக்கு, 20 பவுண்டும், அண்ணனுடைய உடுப்புகளும், வருஷம் 12 பென்னி வாடகைக்கு ஆயுள்வரை இருந்துகொள்ள ஸ்ட்ராட்ஃபோர்டு வீடும். ஜோனின் கணவர் ஹார்ட், ஷேக்ஸ்பியருக்கு எட்டு நாள் முன்னால், ஏப்ரல் 17இல் அடக்கமாகியிருந்தார். அவளுடைய மூன்று பையன்களுக்கும் ஆளுக்கு 5 பவுண்டு: வில்லியம் ஹார்ட், பிறகு பெயர் எழுதாமல் ஒரு வெற்றிடம், அதன்பின் ‘ஹார்ட்’, கடைசியாக மைக்கேல் ஹார்ட். நடுப்பையன் பெயர் யாருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, பிறகு நிரப்பவும் இல்லை.

ஸ்ட்ராட்ஃபோர்டு ஏடு நிரப்புகிறது: தாமஸ், 1605 ஜூலை 24 ஞானஸ்நானம். வில்லங்கமும் பார்த்தாயிற்று. மைக்கேல் 1618இல் அடக்கம், வில்லியம் ஹார்ட் 1639இல் மணமாகாமலே. தாமஸ் வழி ஹார்ட் குடும்பம் ஹென்லி தெரு வீட்டை 1806வரை வைத்திருந்து விற்றது. அந்தக் குடும்பத்தின் சந்ததியார் இன்றும் இருக்கிறார்கள்.